விஸ்கான்சினில் மான் சீசன்: வீட்டில் என்ன செய்வது, மிச்சம் எங்கே வருகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். நவம்பர் நெருங்க நெருங்க ஊரே ஆரஞ்சு நிறத்துக்கு மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் "பாதி மான் தரட்டுமா?" என்கிறார். இந்த வேட்டை நிஜமாகவே சிக்கனமா, அல்லது பெயருக்குத்தான் சிக்கனமா? அந்த நாட்களில் வீட்டில் எப்படி இருப்பது?

நான் இந்த மாநிலத்தின் நடுப்பகுதியில் நெடுநாளாக வசிக்கிறேன். நான் துப்பாக்கி எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து கறி வெட்டி, பொட்டலம் கட்டி, பங்கு வாங்கி வருகிறேன். அதில் கற்றதை வைத்து ஒரே வரியில் சொல்வதானால், மானை யார் சுட்டார்கள் என்பதைவிட அதன் பிறகு வீட்டில் யார், எப்படி வேலை செய்தார்கள் என்பதில்தான் பணம் மிச்சமாகிறது. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பேசும் 'மான் சீசன்' என்பது துப்பாக்கி வேட்டைக்கான 9 நாட்கள். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு, அதாவது நவம்பர் நான்காவது வியாழனுக்கு, முந்தைய சனிக்கிழமை தொடங்கி அந்த வியாழனுக்குப் பின் வரும் ஞாயிறோடு முடியும். ஆனால் வில்வேட்டை செப்டம்பர் நடுவிலேயே ஆரம்பித்து ஜனவரி வரை ஓடும். 9 நாள் முடிந்த கையோடு, குழல் வழியாக மருந்து இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கான நாட்களும் வரும். வடக்கில் ஒஜிப்வே பழங்குடியினருக்கு 1837, 1842 ஒப்பந்தங்களின்படி தனி வேட்டை உரிமை உண்டு. 1983-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவர்களுடைய வேட்டைக் காலம் இன்னும் நீளம். ஆகவே "ஒன்பது நாள் முடிந்தது, இனி பயமில்லை" என்று காட்டுப் பக்கம் போய்விடாதீர்கள். இலையுதிர்காலம் முழுக்க ஆரஞ்சு மேலங்கியோ தொப்பியோ போட்டுக்கொண்டே நடங்கள்.

துப்பாக்கி வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே பாதியளவாவது ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது சட்டம். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் செல்லும். வேட்டையாடாத உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள். நாய் இருந்தால் அதற்கும் ஓர் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். குழந்தைகள் வீட்டின் பின்பக்கம் மரங்களுக்குள் போய் விளையாடுவதை அந்த வாரம் நிறுத்திவையுங்கள். இதற்கெல்லாம் கடையில் புது விலை கொடுக்க வேண்டியதில்லை. இங்கே பழைய துணி விற்கும் தர்மக்கடைகளில் டிசம்பர், ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஆரஞ்சு மேலங்கிகள் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போனதை வீட்டுக்கு வீடு கைமாற்றுவதும் வழக்கம்.

நம்மில் பலருக்கு மனதில் ஒரு நெருடல் இருக்கும். இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொடுவதே குற்றம் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே நிலைமை வேறு. விஸ்கான்சினில் வெள்ளைவால் மான் 15 லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. சோளக்கொல்லையும் சோயா வயலும் அதற்குத் தீனி போடுகின்றன. தெற்கில் அதைப் பிடித்துத் தின்ன ஓநாய் அதிகம் இல்லை. எண்ணிக்கை கட்டுக்குள் இல்லாவிட்டால் இளமரக் கன்று ஒன்றும் காட்டில் தலையெடுக்காது, சாலையில் விபத்தும் கூடும். அதனால் மாநில இயற்கை வளத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எத்தனை பெண் மான் சுடலாம் என்று கணக்குப் பார்த்து அனுமதி கொடுக்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் மான் வேட்டையாட உரிமம் வாங்குகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம், நன்றி" என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மாநிலவாசிக்குத் துப்பாக்கி மான் உரிமம் 24 டாலர். விவசாயப் பகுதிகளில் அதோடு ஒரு பெண் மானுக்காவது அனுமதி சேர்ந்தே வரும். கூடுதல் அனுமதி 12 டாலர். ஓரளவு நல்ல மான் ஒன்றில் எலும்பு, சவ்வு, கொழுப்பு, குண்டு பட்ட சதை எல்லாம் கழித்து 20 கிலோவுக்கு முன்பின் சுத்தமான கறி தேறும். அதாவது 40 முதல் 50 பவுண்டு. 2025 நடுவில் இங்கே மாட்டுக் கொத்துக்கறியின் சராசரி விலை பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டிவிட்டது. அப்படிப் பார்த்தால் ஒரு மான் என்பது சுமார் 250 முதல் 300 டாலர் கறி.

இதைக் கறிக்கடையில் கொடுத்து வெட்டி வாங்கினால் கூலியே நூறு டாலரைத் தாண்டும். அதோடு 'கொஞ்சம் சாசேஜ், கொஞ்சம் உலர்கறி' என்று ஆசைப்பட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் தனியாகக் காசு. இதில் வடக்கே இருக்கும் வேட்டைக் குடிலுக்குப் போய்வரும் பெட்ரோல், அங்கே ஆகும் சாப்பாட்டுச் செலவு, புதிதாக வாங்கும் கருவிகள் என்று சேர்த்தால் அந்தக் கறி கடைக் கறியைவிட விலை கூடிப்போகும். அப்படிப் போகிறவர்கள் அப்பா தாத்தா காலத்துக் குடிலில் கூடி, மாலையில் ஷீப்ஸ்ஹெட் என்ற சீட்டாட்டம் ஆடி, உறவோடு இருந்துவிட்டு வருகிறார்கள். அது அவர்களுக்கு அருமையான விஷயம். அதை மளிகைச் செலவில் சேர்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

உண்மையில் சிக்கனமாக இருக்கும் வீடுகள் வேறு மாதிரி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்திலோ பக்கத்துப் பண்ணையிலோ வேட்டை. தாத்தாவின் துப்பாக்கி. வருடத்துக்கு நாலைந்து தோட்டாக்கூடச் செலவாகாததால் ஒரு பெட்டி பல வருடம் வரும். வெட்டுவது, அரைப்பது, கட்டுவது எல்லாம் வீட்டு மேசையில். அந்த வீடுகளில் ஒரு மானுக்கு ஐம்பது டாலர்கூட ஆகாது.

அந்த மேசையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மானைச் சுட்ட இடத்திலேயே குடல் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜ் உத்திரத்தில் தொங்கவிடுவார்கள். மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசு இணையதளத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்தாக வேண்டும். வெப்பநிலை 1 முதல் 4 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் சில நாள் தொங்கலாம், கறியும் மிருதுவாகும். நவம்பரிலும் சில வருடம் 10 டிகிரிக்கு மேல் போகும். அப்போது அன்றைக்கே தோலுரித்து, துண்டாக்கி, ஐஸ் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆறப்போட்டால் கறி கெடும். இந்த விஷயத்தில் பக்கத்து வீட்டு அம்மா ரொம்பக் கண்டிப்பு. கணவர் குளித்துவிட்டு வரட்டும் என்றுகூடக் காத்திருக்க மாட்டார்.

பிறகு தொடை மேசைக்கு வரும். எலும்பை வெட்டவே வேண்டாம். தொடைத் தசைகள் தனித்தனிப் பொதியாக மெல்லிய சவ்வால் பிரிந்தே இருக்கும். அந்தக் கோட்டில் விரலை நுழைத்து இழுத்தால் பாதி வேலை தானாக நடக்கும், மீதிக்குத்தான் கத்தி. ஒவ்வொரு பொதியின்மேலும் வெள்ளியாக மின்னும் கெட்டிச் சவ்வு ஒன்று இருக்கும். அதன் ஒரு முனையில் கத்தியை நுழைத்து, அலகைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, மறு கையால் சவ்வை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனால் கறி வீணாகாமல் சவ்வு மட்டும் நாடாவாக உரிந்து வரும். சின்னக் கத்தி போதும், கூர்தான் முக்கியம். வெள்ளைக் கொழுப்பை ஒட்டக் கழித்துவிடுங்கள். மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும், ஃப்ரீசரில் சீக்கிரம் வாடை அடிக்கும். "மான் கறி நாறும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கொழுப்போடு சாப்பிட்டவர்கள்தான்.

முதுகெலும்பின் இரு பக்கமும் நீளமாக ஓடும் சதைதான் உயர்ந்த ரகம். அதை முழுசாக எடுத்து வையுங்கள், வெண்ணெயில் சில நிமிடம் வாட்டினாலே போதும். தொடைக்கறி வறுவலுக்கு. முன்னங்கால், கழுத்து, துணுக்குகள் எல்லாம் கொத்துக்கறிக்கு. இங்கே உள்ளவர்கள் அதில் பத்துக்கு ஒன்று அல்லது சற்று அதிகமாகப் பன்றிக் கொழுப்பு சேர்த்து அரைப்பார்கள், இல்லாவிட்டால் பர்கர் உதிர்ந்துவிடும். நாம் எண்ணெய் ஊற்றி, வெங்காயம் வதக்கி, மிளகு சீரகம் போட்டுக் கிளறுகிற வீட்டில் அந்தக் கொழுப்பே தேவையில்லை. உங்கள் பங்கைக் கொழுப்பு சேர்க்காமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். இதயத்தை முதல் நாள் இரவே மெல்லியதாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கம். நம் வீட்டு மசாலாவுக்கும் அது நன்றாகவே இருக்கும்.

இங்கே ஒரு கறாரான எச்சரிக்கை. விஸ்கான்சினில் 2002 முதல் சி.டபிள்யூ.டி. என்ற நோய் மான்களிடம் இருக்கிறது. பிரியான் என்ற புரதம் கெட்டுப்போவதால் வருவது. மூளையை அரித்து, மானை மெலியவைத்துக் கொன்றுவிடும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானின் கறியைச் சாப்பிடக்கூடாது என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. எவ்வளவு வேகவைத்தாலும் பிரியான் அழியாது. மான் தலையைக் குறிப்பிட்ட இடங்களில் கொடுத்தால் மாநில அரசு இலவசமாகவே சோதித்துச் சொல்கிறது, முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை ஒரு மானின் கறியை இன்னொன்றோடு கலக்காமல், பொட்டலத்தில் அது எந்த மான் என்ற எண்ணையும் தேதியையும் எழுதி ஃப்ரீசரில் தனியாக வைப்பார்கள். முடிவு மோசமாக வந்தால் அந்த ஒரு மானை மட்டும் குப்பைக்கு அனுப்பலாம். நாம் எலும்போடு குழம்பு வைக்க ஆசைப்படுவோம். மானில் அதை விட்டுவிடுங்கள். முதுகெலும்பை அறுப்பதும் தலைக்கறி சமைப்பதும் கூடவே கூடாது.

ஈயத்தையும் மறக்காதீர்கள். ஈயக் குண்டு பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறி, காயத்தைத் தாண்டியும் சதைக்குள் பரவும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயத் துணுக்குகள் தெரியவந்து, அங்கே உணவு வங்கிகளில் விநியோகத்தை நிறுத்தினார்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் ஈயக் குண்டால் சுட்ட மானின் கொத்துக்கறி வேண்டாம். செம்புக் குண்டு கொஞ்சம் விலை கூட. அந்தக் காசை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஃப்ரீசர். சிக்கனமான வீட்டில் மான் சீசன் அக்டோபரிலேயே ஆரம்பிக்கிறது, பழைய கறியைச் சாப்பிட்டுத் தீர்ப்பதில். அடியில் கிடக்கும் போன வருடப் பொட்டலங்களை வாரம் இரண்டு முறையாவது சமைத்து இடம் பண்ணுவார்கள். முழுத் துண்டுகள் ஒரு வருடம்வரை ருசி மாறாமல் இருக்கும். கொத்துக்கறியை நாலு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் படலத்தை முதலில் காற்றுப் புகாமல் ஒட்டச் சுற்றி, அதன்மேல் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீசர் தாளைச் சுற்றினால் கறி காய்ந்து வெளுக்காது. ஒரு வேளைக்குத் தேவையான அளவே ஒரு பொட்டலம். பெரிய கட்டியாக உறையவைத்தால் உருக்கிய பிறகு மீதி வீணாகும்.

இதே நாட்களில் இன்னொன்று ஃப்ரீசருக்குப் போட்டியாக வரும். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முன்னால் கடைகள் வாடிக்கையாளரை இழுக்க உறைந்த வான்கோழியை அடிமாட்டு விலைக்கு விற்கும். ஒன்றைச் சமைத்து, இன்னொன்றை மார்ச் மாதத்துக்கு என்று வாங்கிவைக்கலாம். கிரான்பெரியும் அப்படியே. அமெரிக்காவின் கிரான்பெரியில் பாதிக்கு மேல் விளைவது இந்த மாநிலத்தில்தான். பையோடு அப்படியே உறையவைக்கலாம், கழுவக்கூட வேண்டாம். வெல்லம், வெந்தயம், மிளகாய்த்தூள் சேர்த்து ஊறுகாய் போட்டுப் பாருங்கள், புளிப்புக்குக் குறைவே இருக்காது. அதனால் மானுக்கு முன்னாலேயே இடத்தைக் கணக்குப் பண்ணுங்கள். இடம் போதாது என்றால் வேட்டைக்காரரே முழு மானைத் தானமாகக் கொடுத்துவிடலாம். 2000 முதல் அதற்கென்று ஒரு திட்டம் மாநிலத்தில் இருக்கிறது. வெட்டுக்கூலி அவர்கள் பொறுப்பு, கறி உணவு வங்கிகளுக்குப் போகும்.

ஃப்ரீசர் சின்னதாக இருக்கும் வீடுகள் கறியைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துவிடும். மின்சாரமே வேண்டாம், அலமாரியில் நிற்கும். வேலை முடிந்து வந்து திறந்தால் பத்து நிமிடத்தில் குழம்பு. ஆனால் இதற்கு நம் வீட்டு விசில் குக்கரை நம்பாதீர்கள். உயிரைக் குடிக்கும் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகளைக் கொல்ல 116 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், அதுவும் நீண்ட நேரம். அந்த வேலைக்கென்றே செய்த, நாலு பெரிய போத்தலாவது கொள்ளும் அழுத்தக் கேனரில்தான் செய்ய வேண்டும். பச்சைக் கறித் துண்டுகளைத் தண்ணீர் ஊற்றாமல், மேலே ஓர் அங்குலம் விட்டு நிரப்பி, ஆவி 10 நிமிடம் தடையின்றி வெளியேறிய பிறகு எடையை வைத்து, அரை லிட்டர் அளவுள்ள பைன்ட் போத்தலை 75 நிமிடமும், ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் குவார்ட் போத்தலை 90 நிமிடமும் வைக்க வேண்டும். எடை வைக்கும் வகைக் கேனரில் 1,000 அடி உயரம்வரை 10 பவுண்டு அழுத்தம், அதற்கு மேலே 15 பவுண்டு. வாசா, ஸ்டீவன்ஸ் பாயின்ட் பக்கமெல்லாம் 1,000 அடிக்கு மேல் இருப்பதால் 15 பவுண்டுதான். நம் ஊர் உப்புக்கண்டம்போல உலர்கறி செய்வதென்றால், நவம்பர் வெயிலை நம்ப முடியாது. கறியை முதலில் 71 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கிவிட்டு, அதன் பிறகு உலர்த்தியில் போடுங்கள்.

வீட்டின் மற்ற வேலைகளும் இந்த வாரங்களிலேயே வந்து விழும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வெளிவேலை எல்லாம் அதற்கு முன்னால். சன்னல்களுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, முடி உலர்த்தியால் சூடுகாட்டி விறைப்பாக்குங்கள். செலவு சொற்பம், குளிர் உள்ளே வருவது நன்றாகவே குறையும். இரவில் வெப்பத்தை 7 முதல் 10 டிகிரி பாரன்ஹீட் குறைத்து எட்டு மணி நேரம் வைத்தால் வருடச் செலவில் 10 சதவீதம்வரை மிச்சம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. விறகு அடுப்பு இருந்தால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய காய்ந்த விறகு மட்டும் போடுங்கள். பச்சை விறகு புகைபோக்கியில் தார் படியவைத்துத் தீப்பிடிக்கச் செய்யும். நிலவறை இருந்தால் உருளைக்கிழங்கு, பூசணி, ஈர மணலில் புதைத்த கேரட் எல்லாம் பிப்ரவரிவரை வரும். ஆப்பிளை மட்டும் தள்ளி வையுங்கள். அதிலிருந்து வரும் வாயு கேரட்டைக் கசப்பாக்கிவிடும்.

வண்டி ஓட்டுவதிலும் கவனம். மான்களின் இணைசேரும் காலம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை. அந்த நாட்களில் அவை கண்மண் தெரியாமல் சாலையில் பாயும். அந்தியிலும் விடியலிலும் மெதுவாகப் போங்கள். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். அப்படியும் மோதிவிட்டால் அந்த மானை எடுத்துக்கொள்ள ஓட்டியவருக்கே முதல் உரிமை. காசு கட்ட வேண்டாம், ஆனால் எடுப்பதற்கு முன் இயற்கை வளத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். குளிர்ந்த இரவில், வயிறு உடையாத மானென்றால் நல்ல கறி தேறும். வெயில் ஏறிய பிறகு கண்ணில் படுவதை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கான பதில். வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தலையைச் சோதனைக்குக் கொடுத்தாரா, எந்த வகைக் குண்டு, எத்தனை நாள் எந்தக் குளிரில் தொங்கியது. இந்தக் கேள்விகளை இங்கே யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நல்ல வேட்டைக்காரர் தாமாகவே சொல்லிவிடுவார். கறிக்குப் பணம் மட்டும் நீட்டாதீர்கள். காட்டு மான் கறியை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம். பதிலுக்கு வெட்டும் நாளில் உதவிக்குப் போங்கள். சவ்வு உரிப்பதும் பொட்டலம் கட்டுவதும்தான் நேரம் பிடிக்கிற வேலை, அதற்கு எப்போதும் கை போதாது. கூர்தீட்டிய சின்னக் கத்தி ஒன்று, பொட்டலத்தில் எழுத அழியாத பேனா ஒன்று, மதியத்துக்கு எல்லோருக்கும் போதுமான எலுமிச்சைச் சாதம். இவ்வளவு கொண்டுபோனால் போதும்.